மூத்தவளுக்காக எடுத்த படங்கள்

அக்கா வீட்டுச் சுவரில் ஒரு காதுகுத்துப் படம் தொங்குகிறது. மொட்டையடித்து, தலை முழுக்கச் சந்தனம் பூசி, என் மடியில் உட்கார்ந்து வாயைப் பிளந்து அழுகிறது ஒரு பிள்ளை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பதால் படத்தில் நானும் இருக்கிறேன், அரும்பு மீசையும் பயந்த முகமுமாக. அக்காவின் மூத்த மகளுக்கு இருந்த ஒரே படம் அதுதான். பிள்ளை காணாமல் போன அன்று அதைத்தான் ஸ்டேஷனுக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம். ஏட்டையா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, மொட்டத் தலைய வெச்சு எந்தப் பிள்ளையன்னு தேடுறது?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக் காதுகுத்துப் படத்தை எடுத்துப் பார்த்தாலும் அதே மொட்டைதான், அதே அழுகைதான்.

போடியிலிருந்து மலைக்கு ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டுகிறேன் நான். அப்போது அக்காவும் மச்சானும் மேலே தோட்டத்திலேயே தங்கி வேலை பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கக் கீழே இறங்குவார்கள். அன்றும் அப்படித்தான் வந்தார்கள். பெரியவளை ஜீப்பு ஸ்டாண்டில் பைகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, சின்னவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைக்கு எண்ணெய் வாங்கப் போனாள் அக்கா. திரும்பி வந்தபோது பைகள் இருந்தன, பிள்ளை இல்லை.

பட்டாணி வறுக்கிறவர் பார்த்திருக்கிறார். "ஒரு பொம்பள கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போச்சு. அத்த அத்தன்னு வாயோயாமப் பேசிக்கிட்டுத்தேன் போனா. ஒங்க வீட்டு ஆளுன்னு நெனச்சேன் தாயி" என்றார். யாரைக் கண்டாலும் முறை வைத்துக் கூப்பிட வேண்டும் என்று அவளைப் பழக்கியது நாங்கள்தான். ஜீப்பில் ஏறுகிற அத்தனை பொம்பளைகளையும் காட்டி, "இது அத்த, இது சித்தி, கூப்பிடு" என்று சொல்லிக்கொடுத்து, அவள் மழலையில் கூப்பிடுவதைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். எங்கள் ஊரில் ஒரு பிள்ளை அத்தை என்று கூப்பிட்டுவிட்டால் அவள் அத்தைதான், அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை. அந்தப் பட்டாணிக்காரர் இடத்தில் நான் நின்றிருந்தாலும் சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

மச்சான் ஒரு வருடம் ஊர் ஊராக அலைந்தார். பிறகு அலைச்சலை நிறுத்தினார், அதோடு பேச்சையும் நிறுத்திவிட்டார். மலை வேலையை விட்டுவிட்டு இருவரும் போடிக்கே குடிவந்தார்கள். அக்கா ஏலக்காய் தரம் பிரிக்கும் கடையில் காய் பொறுக்கப் போனாள். சின்னவள் வளர வளர, பெரியவளை அச்சில் வார்த்தது போல ஆனாள். அதே புருவம், அதே தூக்கலான மேலுதடு. இரண்டு வயது வித்தியாசம், அவ்வளவுதான். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் அக்காவுக்கு அந்த யோசனை வந்தது. "இவ மொகத்தப் படம் புடிச்சுப் போட்டா என்ன தம்பி? அவளும் இப்ப இப்படித்தான இருப்பா?"

அன்று தொடங்கியது அந்த வழக்கம். வருடா வருடம் தைப் பொங்கல் கழிந்ததும் சின்னவளை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போவோம். அவளுக்குப் பிடித்த வளையலோ பொட்டோ கூடாது. சிரிக்கவும் கூடாது, சிரித்தால் அடையாளம் மாறிவிடும் என்பாள் அக்கா. அந்த முகத்துக்குக் கீழே பெரியவளின் பெயரையும் என் போன் நம்பரையும் போட்டு நோட்டீஸ் அடிப்போம். தேவாரத்திலிருந்து போடிமெட்டு வரைக்கும், மெட்டைத் தாண்டிக் கேரளாவுக்குள்ளும், ஜீப்பு நிற்கிற இடத்திலெல்லாம் ஒட்டியது நான்தான். போன வருடத்து முகத்தின் மேல் இந்த வருடத்து முகம். எனக்குச் சலித்துப்போன வேலை அது. சலிப்பாக இருக்கிறது என்று அக்காவிடம் எப்படிச் சொல்வது? பசையைக் கரைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

பள்ளிக்கூடத்தில் சின்னவளைக் 'காணாமப் போனவளே' என்று கூப்பிட்டார்கள். பஸ்சில் பார்க்கிறவர்கள் உற்று உற்றுப் பார்ப்பார்கள். "நான் எங்க போனாலும் என்னையக் கண்டுபிடிச்சுர்றாங்க மாமா" என்று என்னிடம் சிரித்துக்கொண்டு சொல்வாள். அம்மாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அழுகிற பிள்ளைக்காவது நாலு வார்த்தை ஆறுதல் சொல்லலாம், சிரிக்கிற பிள்ளையை என்ன செய்வது?

காலேஜில் சேர்ந்த வருடம் அவள் கூடப் படிக்கும் பெண்ணின் வீட்டுக்கு மலைக்குப் போனாள். மெட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் மாறுகிற இடத்தில் ஒரு டீக்கடை. கடைத் தூணில் நான் ஒட்டிய நோட்டீஸ். கடைக்காரர் தூணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிடித்து உட்கார வைத்துவிட்டார். நான் அவள் இல்லை, அவள் தங்கச்சி என்று எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். தூக்கிப்போனவர்கள் இப்படிச் சொல்லப் பழக்கியிருப்பார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். எனக்குப் போன் வந்தது. "மோளு கிட்டிப்போச்சு. அதே முகம். வேகம் வாங்கோ" என்றார் பாதி மலையாளமும் பாதி தமிழுமாக.

அக்கா பொறுக்கிக்கொண்டிருந்த காயை அப்படியே போட்டுவிட்டு வந்து ஜீப்பில் ஏறினாள். வழியில் நிறுத்தச் சொல்லி மல்லிகைப்பூ வாங்கினாள். "அவளுக்குத் தமிழு மறந்திருக்குமா தம்பி?" என்று கேட்டாள். அடுத்த வளைவில், "அம்மான்னு கூப்பிடுவாளா?" என்றாள். பாதி மலை ஏறியபோது எனக்கு உறைத்தது. அதே முகம் என்றாரே, அந்த முகம் யாருடையது? வண்டியின் வேகத்தைக் குறைத்து, "யக்கா, நோட்டீசுல இருக்கது சின்னவ படந்தான" என்றேன். அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும். நீ வண்டிய வெரசா ஓட்டு" என்றாள்.

கடை வாசலில் கூட்டம். எல்லோர் முகத்திலும் சந்தோஷம். நடுவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் சின்னவள், யாரோ வாங்கிக்கொடுத்த பழம்பொரி கடிக்காமல் கையில் அப்படியே இருந்தது. வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடிய அக்கா, பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். தெரிந்துதான் வந்தாள், ஆனாலும் அவள் முகம் வாடியதை நான் பார்த்தேன். பிள்ளையும் பார்த்தாள். எழுந்து நின்று, தப்புச் செய்தவள் போல, "நாந்தேம்மா" என்றாள்.

எத்தனையோ பிள்ளைகள் காப்பகங்களுக்கு அக்காவோடு போய், யார் யாரோ பெற்ற பெண் பிள்ளைகளைப் பார்த்து, இது இல்லை என்று சொல்லித் திரும்பியிருக்கிறேன். அப்போதெல்லாம் நான் அழுததில்லை. அன்று அழுதேன். பூவை யாரும் கையில் எடுக்கவில்லை, சீட்டிலேயே கிடந்தது. இறங்கும் வழியில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த சின்னவள் சொன்னாள்: "நீ ஓடியாந்தியேம்மா, அப்ப நான் அக்காவா இருந்திருக்கக் கூடாதான்னு இருந்துச்சு." அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். போடி வரும்வரைக்கும் விடவில்லை.

அந்த வருடம் பொங்கல் கழிந்தும் ஸ்டுடியோப் பேச்சை அக்கா எடுக்கவில்லை. நானாகக் கேட்பானேன் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் சாயங்காலம் நான் போனபோது சின்னவள் பொட்டை அழித்து, வளையலைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பி நின்றாள். அக்கா குறுக்கே நின்றாள். "வேணாம் ஆத்தா. இத்தன வருசம் ஒன்னைய வாட்டுனது போதும். ஒம் மொகம் ஒனக்கே இருக்கட்டும்" என்றாள். வருடக்கணக்காக நான் கேட்கக் காத்திருந்த சொல் அது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நான் போயி எடுக்கலன்னா அவ வளரவே மாட்டாம்மா."