ரஹ்மத் அக்கா சம்மதிக்கவில்லை

காலைப் பூஜை முடித்து விளக்கைக் குளிரவைத்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் வந்தது. ரஹ்மத் அக்கா காலமாகிவிட்டார். நெஞ்சுவலியாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட அவகாசமில்லை. நான்காம் நாள், நம் ராஜபாளையம் படிப்பகத்தின் செயலாளர் இ-மெயிலில் நிறைவேறிய இரங்கல் தீர்மானத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து, நான் எழுதிவரும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொன்னார். “படிப்பகத்தின் எல்லா முடிவுகளுக்கும் துணைநின்றவர்” என்று அதில் இருந்தது. நான் ஏற்றவில்லை. ஏன் என்று அக்காவை அறிந்த உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எண்பதுகளில் படிப்பகம் தொடங்கியபோதே அக்கா உறுப்பினர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து இங்கே நூல், பட்டன் கடை நடத்தியவர். பெண்கள் பகுதிக்கு எந்தப் பத்திரிகை வாங்கலாம் என்று ஒருநாள் பேச்சு வந்தது. எல்லோரும் தலையாட்டினோம். அக்கா மட்டும் கடைசியில் உட்கார்ந்திருந்த சுந்தரபாண்டியம் கிராமத்துப் பெண்ணைக் காட்டி, “அவ இன்னும் வாயே தொறக்கலையே, கேட்டியளா?” என்றார். கேட்டோம். எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், பெரிய எழுத்தில் உள்ளதாக வாங்குங்கள் என்றாள். அதையே வாங்கினோம்.

பிறகு வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்க்காரர் ஒருவர் கம்ப்யூட்டர் அனுப்பினார். இன்டர்நெட்டும் வந்தது. மதியம் மூன்று முதல் ஐந்து வரை பெண்களுக்கு என்று முடிவாயிற்று. அக்காவின் மகன் துபாயில் இருந்தான். கடையைச் சாத்திவிட்டு வந்து, அவனுக்கு இ-மெயிலில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் ஒற்றை விரலால் தட்டுவார். “எம்பிள்ள சாப்ட்டானான்னு கேக்க இம்புட்டு எழுத்தாட்டி?” என்று சிரிப்பார்.

அந்த இரண்டு மணிநேரம்தான் பறிபோனது. சென்னையிலும் வெளிநாட்டிலும் உள்ள உறுப்பினர்கள் இ-மெயில் குழு ஒன்று ஆரம்பித்தார்கள். முடிவெல்லாம் இனி அதில்தான். மூன்று நாளில் யாரும் மறுக்காவிட்டால் எல்லோரும் ஏற்றதாக அர்த்தம். இங்குள்ள பெண்கள் எங்கள் பெயர்களை அதில் சேர்க்கவேயில்லை. செயலாளருக்கு வந்தால் எல்லோருக்கும் வந்த மாதிரியாம். பெண்கள் நேரத்தைக் காலேஜ் பையன்களின் கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கொடுத்ததை, கதவில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

மாதக் கூட்டத்தில் அக்கா எழுந்து கேட்டார். மூன்று நாள் அவகாசம் கொடுத்தோம், ஒருவரும் எதிர்க்கவில்லையே என்றார் செயலாளர்.

“எங்கிட்ட கேக்காமலே நான் சரின்னுட்டேனாக்கும்? நல்லாருக்கு தம்பி. நாளைக்கு எங் கடைய எடுத்துக்கிட்டு, அக்கா ஒண்ணும் சொல்லலையேம்பிய.”

எல்லோரும் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்துக்கொண்டே அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். கூட்டத்துக்கு முன்பே “ஏகமனதாக” என்று எழுதி வைத்துவிடுவது என் வழக்கம், அன்றும் எழுதியிருந்தேன். “ஏட்டி, அத அடி. ரஹ்மத் சம்மதிக்கலைன்னு எழுது” என்றார். இத்தனை வருஷத்தில் புத்தகத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லையே அக்கா என்றேன்.

“ஒம் புத்தகம் சுத்தமா இருக்கணும், நான் பொய்க்காரியாப் போகணும். அப்படித்தான?”

தினமும் பெருமாள் முன்னால் கைகூப்புகிற நான், அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிட்டேன். செயலாளர் மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி என் மேல்தான்.

அடுத்த வாரம் அக்கா வெயிலில் வீடுவீடாக ஏறி, படிப்பகத்துப் பெண்கள் ஒவ்வொருவரையும் கேட்டு எழுதி வாங்கினார். பையன்கள் படிக்கட்டுமே என்று இருவர் சொன்னார்கள். அதையும் மறைக்காமல் எழுதினார். “அவிய சொன்னதும் சொன்னதுதான” என்றார். செயலாளர் தாளை வாங்கக்கூட இல்லை. மூன்று நாள் முடிந்துவிட்டதாம், முடிந்த முடிவைத் திறக்க முடியாதாம். பெண்கள் நேரம் போனபின், மகனின் இ-மெயில் வந்ததா என்று பார்க்கச் செயலாளரிடம்தான் போய் நிற்க வேண்டும்; அதற்கு அக்காவுக்கு மனம் வரவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார்.

துபாயிலிருந்து வந்த மகன் துக்க வீட்டில் என்னிடம் கேட்டான்: “அம்மா ஏன் மாமி எழுதுறத நிப்பாட்டுனாங்க? எம்மேல எதும் கோவமா?” உன்மேல் இல்லையப்பா என்று மட்டும் சொன்னேன்.

நேற்று அந்தப் பழைய பக்கத்தைத் திறந்து “ஏகமனதாக” என்பதை அடித்துவிட்டு, அக்கா சொன்னபடி எழுதிக் கையெழுத்திட்டேன். ஆளை நேரில் கேட்காமல் சம்மதம் என்று எழுதக் கூடாது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதுதான். இரங்கல் தீர்மானத்தோடு உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வரப்போகிறேன். முதல் ஆளாக என் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: “எல்லா முடிவுகளுக்கும் துணைநின்றவர்” என்ற அந்த வாசகத்துக்கு எனக்குச் சம்மதமில்லை.