மூன்று தாழ்களும் என் தம்பியும்

நான் பின்னிக் கொடுத்த கம்பளிக் கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் துப்பாக்கித் தாழை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருக்கிறான் என் தம்பி பிளாஜெய். மேசையில் ஆட்டுப்பால் சீஸ் போட்ட உருளைக்கிழங்கு மாவு உருண்டைகள் ஆறிக் கல்லாகின்றன. உள்ளே தோட்டா இல்லை. அவன் பார்த்த பிறகு நானும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"அக்கா, தட்டை உருட்டாத. செர்பியாக்காரன் முனகறான், கேக்கணும்." செர்பியாக்காரன் என்றால் அவன் கையிலிருக்கும், செர்பியாவில் செய்த துப்பாக்கி.

பகலில் மலைப்பாதையில் பேருந்து ஓட்டுகிறான். மிச்ச நேரமெல்லாம் நரிக்கும் முயலுக்குமான குட்டித் துப்பாக்கிகள்தான். குட்டி என்றால் உள்ளிருக்கும் தாழும் சிறிய தோட்டாவுக்கென்றே அளவெடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும். பெரிய துப்பாக்கியின் உடம்பில் சின்னத் தோட்டாவைப் போட்டுக் காட்டினால் கொதித்துப்போவான். "அப்பன் சட்டைய மடிச்சு விட்டா அது பிள்ளை சட்டை ஆயிடுமா?"

எங்கள் வேட்டைச் சங்கம் பொதுவுக்கு அப்படிக் குட்டி ஒன்று வாங்க நினைத்தது. எதை வாங்கலாம் என்று அவனைத்தான் கேட்டார்கள். வேறு யாரைக் கேட்பார்கள்? மூன்று நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்பிட்டுப் பார்த்தான்; குளிர்காலம் முழுக்க எங்கள் சமையலறை நாறியது, துப்பாக்கி எண்ணெயில். செர்பியாக்காரன் கரடுமுரடு, ஆனால் சொன்ன வேலையைச் செய்வான். பின்லாந்துக்காரனின் தாழ், குழலைச் சாய்த்தாலே வழுக்கிக்கொண்டு மூடும். அது தம்பியின் சொந்தத் துப்பாக்கி, உயிர். இருந்தும் சங்கத்துக்கு அவன் கைகாட்டியது செக் நாட்டுத் துப்பாக்கியை, செக்காரனை. "பின்லாந்துக்காரன் அழகன்க்கா. ஊர்க்கையில குடுத்தா கெட்டுப்போவான். செக்காரன் தோட்டாவ எலியப் பூனை கவ்வற மாதிரி கவ்வறான்."

ஒரே ஒரு விசித்திரம். தவறிச் சுட்டுவிடாமல் தடுக்கும் காப்பு விசையை மற்ற இரண்டிலும் முன்னே தள்ளினால் சுடலாம். செக்காரனில் பின்னே இழுக்க வேண்டும். இதைப் பேருந்தில் ஏறியவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தான். "நீ முதல்ல பிரேக்கப் பாருடா" என்றார் முன் இருக்கைக் கிழவர் ஒருவர்.

பருவத்தின் கடைசி வேட்டை நாள். மாலையில் சங்கம் முடிவெடுக்கும். விடியலில் தம்பி, இரவல் வாங்கிய செக்காரனோடு என் தோட்டத்துப் பரணில் உட்கார்ந்தான். என் கோழிகளைத் தின்று கொழுத்த நரி வந்தது. அவன் கட்டைவிரல் காப்பு விசையை முன்னே தள்ளியது. இன்னும் தள்ளியது. முகம் பீட்ரூட் ஆனது. நரி வேலிக்கம்பத்தில் காலைத் தூக்கி, வேலையை முடித்து, பரணை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனது. கோழிக்கூட்டு வாசலில் நின்று நானும் பார்த்தேன்.

மாலையில் மதுக்கடையில் வேட்டைக்காரர் நீதிமன்றம் கூடியது. தப்புச் செய்தவனைப் பெஞ்சில் குப்புறப் போட்டு, கத்தியின் தட்டைப் பக்கத்தால் பின்புறத்தில் அறைவது இங்கே வழக்கம். நீதிபதி கசாப்புக்கடை வெண்டெலின். மனைவியின் குளியல் அங்கிதான் நீதிபதி அங்கி. நடந்ததைத் தம்பியே ஒன்று விடாமல் சொன்னான், நரி காலைத் தூக்கியது உட்பட.

"டேய், துப்பாக்கி கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லு. உன் பின்பக்கமும் தப்பிக்கும், நாங்களும் வேற வாங்கிக்கறோம்" என்றார் வெண்டெலின்.

கடையே அவன் வாயைப் பார்த்தது.

"அது சரியாத்தான் இருக்குண்ணே. என் கட்டவிரல்தான் பின்லாந்துலயே தங்கிடுச்சு. இதையே வாங்குங்க."

"அப்ப படு!"

படுத்தான். நான் பெண்கள் வரிசையில் முகவாயை நிமிர்த்தி நின்றேன். கத்தி இறங்கியது, கடை சிரிப்பில் அதிர்ந்தது. பெஞ்சின் விளிம்பைப் பற்றியிருந்த அவன் கட்டைவிரல் மட்டும் எதையும் கவனிக்காமல், மரத்தின் மேல் பின்னே இழுத்தது. மறுபடியும் பின்னே இழுத்தது.