சாமத்திய வீட்டுக்கு முன் ஒரு நீக்கல்

மோர்னிங்சைட்டில் இருந்து ஒரு தாய் தன் பன்னிரண்டு வயது மகளை அழைத்து வந்திருந்தார். பிள்ளையின் நாடி, முகவாய்க்கட்டை, இடப்பக்கம் கோணியிருந்தது.

"ஒரு பக்கமாய்ப் படுக்காதை எண்டு எத்தினைதரம் சொல்லிப்போட்டன் டொக்டர். கேட்டால்தானே!"

ஸ்காபரோவில் பல் சீரமைப்பு வைத்தியராக இத்தனை வருடம் இருந்துவிட்டேன். படுக்கையின் மேல் பழி போடாத தாயைக் கண்டதில்லை. பிள்ளையிடம், "மெல்ல வாயை மூடுங்கோ. பல்லு முட்டினதும் அப்பிடியே நில்லுங்கோ," என்றேன். நின்றாள். நாடி நேராக இருந்தது. "இனி இறுக்கிக் கடியுங்கோ." நாடி இடப்பக்கம் வழுக்கிப் போனது. எனக்கு அது போதும். அளவுகளும் எக்ஸ்ரேயும் பிறகு அதையே சொல்லின. கீழ்த்தாடையில் ஒரு கோணலும் இல்லை. மேல்தாடைதான் இரண்டு பக்கமும் ஒடுக்கம். மூடி சின்னதாகிப்போன பெட்டி மாதிரி. ஒரு பக்கமாவது பொருந்தட்டும் என்று பிள்ளை தள்ளிக் கடித்துப் பழகிவிட்டாள்.

அடுத்த கேள்வியைப் பெண்பிள்ளைகளின் தாய்மார் எல்லோரிடமும் கேட்பேன். "பெரிய பிள்ளையாகிட்டாவோ?"

"ஓம், போன வருசம். சாமத்திய வீடு வாற ஓகஸ்டிலை. மார்க்கம் நகரிலை ஹோலும் எடுத்தாச்சு."

மண்டபமும் படக்காரரும் பள்ளி விடுமுறையும் சரிவரும்வரை எங்கள் ஆட்கள் அந்தப் பூப்புச் சடங்கை ஒரு வருடம்கூடத் தள்ளிவைப்பார்கள். அண்ணத்தின் நடுவே இருக்கும் எலும்புப் பொருத்து தள்ளிவைக்காது. பெரிய பிள்ளையான பிறகு அது இறுகத் தொடங்கும். முற்றாக இறுகினால் சத்திரசிகிச்சைதான். உடனே மேல்தாடையை அகட்டும் விரிகருவி போட்டு, வீட்டில் தினமும் சாவியால் திருக வேண்டும் என்றேன். பொருத்து திறந்ததன் அடையாளமாய் முன்பற்களுக்கு நடுவே நீக்கல், அதாவது இடைவெளி, வரும், சில மாதங்களில் மூடும் என்பதையும் மறைக்கவில்லை.

"சடங்குப் பட அல்பத்திலை நீக்கல் பல்லோ? சடங்கு முடியட்டும் டொக்டர்."

முன்பு ஒரு தாய்க்கு இப்படித் தலையாட்டியிருக்கிறேன். சடங்கு, பரீட்சை, ஊர்ப் பயணம் என்று தள்ளித் தள்ளி, அந்தப் பிள்ளையைப் பதினாறு வயதில் சத்திரசிகிச்சைக்கு அனுப்பினேன். அந்த வெட்கம் இன்னும் எனக்கு உண்டு.

"படம் எப்பவும் எடுக்கலாம். எலும்பு நிண்டு பாக்காது," என்றேன், கொஞ்சம் கடுமையாகவே.

"அம்மா, ஐ டோன்ட் கேர். இப்பவே போடுவம்," என்றாள் பிள்ளை. தாய் என்னை முறைத்தபடி சம்மதித்தார்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன். முன்பற்கள் அசையவே இல்லை. "வரும், திருகுங்கோ," என்று உறுதியாகச் சொல்லி அனுப்பினேன். உள்ளுக்குள் பயந்துபோனேன். பிந்திவிட்டேனோ?

பத்தாம் நாள் காலை தாய் அழைத்தார். மூச்சு வாங்கியது.

"டொக்டர், நீக்கல் வந்திட்டுது! ஒரு அரிசி போகும். படம் எடுத்து அனுப்பட்டே?"