துப்பாக்கிப் பெட்டியோடு மும்பைக்கு: ‘ஸ்டாப்’ என்று வந்த மின்னஞ்சல்

கோயம்புத்தூரிலிருந்து ரைஃபிளை எடுத்துக்கொண்டு ரயிலில் மும்பை போய்வருவது எப்படி என்று ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள். போன ஜனவரியில் அங்கே நடந்த அழைப்புப் போட்டிக்குப் போய் வந்தேன். இத்தனை நாள் எழுதாததற்குச் சோம்பல் காரணம் இல்லை. அந்தப் பயணத்தை நினைத்தாலே மனது கனத்துப்போகிறது. ஆனாலும் கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: தணிக்கை அலுவலகத்தில் வேலை, வயது நாற்பத்தெட்டு, ஐம்பது மீட்டர் படுத்துச் சுடும் பிரிவில் ஒன்பது வருடமாகச் சுடுகிறேன். பதக்கம் வாங்கும் ரகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சிலர் கோயிலுக்குப் போவார்கள், நான் சுடுதளத்துக்குப் போவேன், அவ்வளவுதான். இந்தப் போட்டியில் எனக்கு இழக்க எதுவும் இல்லை. இசக்கிக்கு இருந்தது. இசக்கியம்மாள் தாராவிப் பெண், சயான் பக்கம் ஒரு மருத்துவமனையில் பில் போடும் வேலை. நாலு வருடத்துக்கு முன் ஒரு போட்டியில் பக்கத்துப் பக்கத்து லேனில் படுத்துச் சுட்டதிலிருந்து பழக்கம். விளையாட்டுப் பிரிவில் ஓர் அரசு வேலைக்கு அவள் விண்ணப்பிக்க, இந்தப் போட்டியில் தகுதி மதிப்பெண் எடுத்தாக வேண்டும். வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது, அதனால் இதுதான் கடைசி வாய்ப்பு. பயிற்சியில் அந்த மதிப்பெண்ணை அவள் அலட்சியமாகத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் ரயில். கோவையில் காலை ஒன்பதுக்குள் கிளம்பினால் மறுநாள் மாலை குர்லா முனையத்தில் இறங்கலாம். சுமார் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், மூன்றடுக்கு ஏசியில் இரண்டாயிரத்துச் சொச்சம். ரைஃபிளைக் காலியாக்கி, தோட்டாவைக் குழலில் அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, பூட்டிய பெட்டியில் வையுங்கள். தோட்டாக்கள் தனிப் பெட்டியில், தனிப் பூட்டோடு. அசல் லைசென்ஸ், போட்டி அழைப்புக் கடிதம் இரண்டும் கைப்பையில் இருக்கட்டும். உங்கள் லைசென்ஸ் இந்தியா முழுவதும் செல்லுமா, எத்தனை தோட்டா கொண்டுபோகலாம் என்பதைக் கொடுத்த அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸாப்பில் கேட்காதீர்கள்.

பெட்டி நீளமாக இருப்பதால் கேள்வி வரும். எதிர் இருக்கை அம்மா, “வீணையா?” என்று கேட்டார். “விளையாட்டுச் சாமானுங்க” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். “என்ன விளையாட்டு?” என்றார். படுத்துக்கொண்டே விளையாடுவது என்று சொன்னேன். அப்புறம் சோலாப்பூர் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

குர்லாவில் இறங்கியதும் விடுதிக்குப் போகாதீர்கள். நேராகச் சுடுதளம் போய் ஆயுத அறையில் ரைஃபிளை ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ஏழு மணி வரை திறந்திருக்கச் சொல்லி முன்பே ஃபோன் செய்திருந்தேன். சுடுதளம் எங்கே என்று எழுதப்போவதில்லை, போக வேண்டியவர்களுக்குத் தெரியும். வாடகைக் காரில் முக்கால் மணி நேரம், நானூற்று எண்பது ரூபாய். ஓட்டுநர் மும்பை கோவண்டியில் குடியிருக்கும் தமிழர், சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “மேடம், இவ்ளோ வெயிட்டா? உள்ள என்னதான் இருக்கு?” என்றார். சொன்னேன். “அரே பாப்ரே! அப்பம் நான் இன்னிக்கு எந்த சிக்னலையும் ஜம்ப் பண்ண மாட்டேன்” என்றார். சொன்னபடியே ஓட்டினார்.

தங்கியது செம்பூரில், ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில். ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். அறை சிறியது, துண்டு அதைவிடச் சிறியது. காலையில் கீழே வந்தால் இட்லி கிடைக்கும். தமிழ் பேசிச் சமாளித்துவிடலாம்.

மறுநாள் காலை பயிற்சி, மாலை இசக்கி வீட்டில் சாப்பாடு. செம்பூரிலிருந்து தாராவிக்குச் சயான் வரை ஆட்டோவில் போய், ஸ்டேஷனைத் தாண்டி நடந்தேன். தொண்ணூறு அடி ரோட்டில் இசக்கி காத்திருந்தாள். வீடு மாடியில் ஒரே அறை, ஏணிப்படி. வீட்டில் ஆயுதம் வைக்க இடமில்லை என்று அவளுடைய ரைஃபிளும் தோட்டாக்களும் எப்போதும் கிளப் பெட்டகத்தில்தான். அவள் அம்மா, “வாங்கம்மா, ரயில்ல ஒழுங்கா சாப்பிட்டியளா?” என்று கேட்டுக்கொண்டே பதிலுக்குக் காத்திராமல் இலையைப் போட்டார். சொதியும் இஞ்சித் துவையலும். நான் இரண்டு முறை சோறு வாங்கினேன். இசக்கி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“என்ன கண்ணு, பதற்றமா?” என்றேன்.

“பதற்றமெல்லாம் ஒண்ணுமில்லக்கா. லாட் மாறிப்போச்சு. அதான்.”

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பாயின்ட் டூ டூ தோட்டா ஒவ்வொரு தொகுதியாகத் தயாராகி வரும். அந்தத் தொகுதி எண்தான் லாட். ஒரே கம்பெனி, ஒரே பெட்டி, ஆனால் ஒரு லாட் உங்கள் குழலில் ஐந்து குண்டையும் ஒரே ஓட்டையில் போடும், இன்னொன்று தெளித்துவிடும். நாலைந்து லாட் சோதித்து, பொருந்துவதைக் கண்டுபிடித்து, அதைப் போட்டிக்கென்று பொத்திப் பொத்தி வைப்போம். இசக்கி மழைக்காலம் முழுக்கச் சோதித்துத் தன் லாட்டைப் பிடித்திருந்தாள். போட்டிக்கு முன் அதை யாராவது மாற்றுவார்களா?

“ஏன், என்னாச்சு?” என்றேன்.

“மேட்ச் முடியட்டும்க்கா, சொல்லுதேன்.” போட்டிக்கு முந்தின நாள் கெட்டதைப் பேசக் கூடாது என்பது எங்கள் எல்லாருடைய பழக்கம். நானும் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை போட்டி. அறுபது குண்டு, ஐம்பது நிமிடம். நான் முந்தின சுற்றிலேயே முடித்து, என் மதிப்பெண்ணை யாரிடமும் சொல்லாமல் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இசக்கியின் மதிப்பெண் திரையில் பத்துகள் வந்தன, நடுவில் காரணமே இல்லாமல் ஓர் ஒன்பது விழுந்தது. அவள் உடம்பு அசையவில்லை. குண்டுதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அவள் நிறுத்தி, காற்றுக் கொடியைப் பார்த்து, குறிபார்க்கும் சைட்டை ஒரு சொடுக்குத் திருப்பினாள். மறுபடி பத்து, பத்து, ஒன்பது.

நாற்பதாவது குண்டு வாக்கில் அவள் சட்டென்று, “ஸ்டாப்!” என்று கத்தினாள். அடுத்த நொடி அத்தனை லேனிலும் போல்ட் திறக்கும் சத்தம். போல்ட் திறந்தால் துப்பாக்கி சுடாது. இலக்குகளுக்குப் பின்னால் மண்மேட்டில் ஒரு தெரு நாய் ஏறி நின்றுகொண்டிருந்தது, அதைத் துரத்திக்கொண்டு ஒரு பணியாள் தலையைக் குனிந்தபடி வந்துகொண்டிருந்தார். வேறு யாரும் அவரைப் பார்த்திருக்கவில்லை. சுடுதளத்தில் இது விதி: ஆபத்தைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் கத்தலாம், கத்தியே ஆக வேண்டும். கேட்டவர்கள் யார் குரல், எதற்கு என்று கேட்காமல் நிறுத்த வேண்டும். முதல் நாளே உடம்பில் ஏற்றிவிடும் பழக்கம். அதிகாரி அவளுக்கு நன்றி சொல்லி, இழந்த நேரத்தைக் கூட்டிக் கொடுத்தார்.

தகுதி மதிப்பெண்ணுக்கு ஒன்று புள்ளி நான்கு குறைந்தது. இரண்டு குண்டு கொஞ்சம் உள்ளே விழுந்திருந்தால் போதும். இசக்கி ஜாக்கெட்டைக் கழற்றி, மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

அன்று மாலை மாடுங்காவுக்குப் போனோம். ஆட்டோ சயானைத் தாண்டாது, அங்கிருந்து டாக்சி பிடிக்க வேண்டும். விசு சார்தான் கூப்பிட்டிருந்தார். விஸ்வநாதன், வங்கியில் ஓய்வு பெற்றவர், பாலக்காட்டுக் குடும்பம், பிறந்ததே மாடுங்கா. பிஸ்டல் சுடுகிறார், எங்கள் வாட்ஸாப் குழுவின் அட்மின். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு பழைய ஓட்டலில் மாடி மேசை. இசக்கியின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சிரிக்க வைக்கலாம் என்று போலி மின்னஞ்சல் கதையை எடுத்தார்.

“இந்த ஃப்ராடுக்காராளுக்கு நம்ம அட்ரஸ் எல்லாம் எங்கேர்ந்துதான் கெடைக்கறதோ! பாதி வெலையில ஜெர்மன் அம்யூனிஷன்னு ஒருத்தன். லைசென்ஸ் கேன்சல், லிங்கை அமுக்குங்கோன்னு ஒருத்தன். போன மாசம் வந்ததுதான் ஹைலைட். போன வருஷம் எறக்குமதியான அம்யூனிஷன் எல்லாம் டேஞ்சராம், உடனே ஸ்டாப், டீலர்கிட்ட திருப்பிக் குடுத்துடுங்கோ, மாத்திக் குடுக்க லிங்குல டெபாசிட் கட்டுங்கோன்னு! படிச்சுட்டு நான் விழுந்து விழுந்து சிரிச்சேன் போங்கோ.”

எனக்கும் அது வந்திருந்தது. அனுப்பியவர் முகவரி யாரும் இலவசமாகத் திறக்கக்கூடியது, ‘உடனே’ என்று மூன்று இடத்தில், அரசு முத்திரை மங்கலாக. ஒரே பார்வையில் பிடித்துவிட்டேன். “எனக்கும் வந்துச்சுங்க, அப்பவே அழிச்சிட்டேன்” என்று பெருமையாகச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போதுதான் இசக்கியைப் பார்த்தேன்.

டவராவில் காபி அப்படியே இருந்தது. “அது ஃபேக்காக்கா?” என்றாள்.

விசு சார் தலையாட்டினார்.

“லிங்க்கப் பாத்ததும் எனக்கும் டவுட்டுதான். பைசா கட்டல, லைசென்ஸ் நம்பரும் குடுக்கல. ஆனா மேல போட்டிருந்ததுலா, டேஞ்சர், ஸ்டாப்னு. லைன்ல படுத்திருக்க மத்தவங்களுக்கு ஏதும் ஆயிரக் கூடாதுல்லக்கா? அன்னைக்கே பெட்டகத்துலேருந்து எடுத்துக் கடையில திருப்பிக் குடுத்துட்டேன். கடைக்காரரு வேற லாட் மாத்திக் குடுத்தாரு. பழைய லாட் மறுநாளே வித்துப்போச்சாம்.” டவராவை ஒரு சுற்றுச் சுற்றினாள். “ஸ்டாப்னு கேட்டா கையி தானா போல்ட்டத் தொறந்துருதுக்கா. நம்ம பழக்கம் அப்படி.”

பணம் பறிக்க விரித்த வலையில் பணத்தைக் காப்பாற்றிக்கொண்டு, யாருக்கும் ஒரு காசு லாபமில்லாத இடத்தில் போய் மாட்டியிருக்கிறாள். அனுப்பியவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

விசு சார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “குரூப்புல ஒரு வரி போட்டிருக்கலாம். தெனமும் குட்மார்னிங் போடறேன், இதப் போடலை. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சுட்டேன்மா” என்றார். நானும் அதையேதான் நினைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு அழித்தேன். இன்னொருவர் அதை நம்பலாம் என்று ஒரு நொடி தோன்றவில்லை.

இசக்கி கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, “பாத்தவங்க ஒருத்தராவது கத்திருக்கலாம்லாக்கா” என்றாள். அவ்வளவுதான். பிறகு காபியைக் குடித்து முடித்து, அம்மாவுக்குக் கீழே கடையில் ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு, சயான் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் குர்லாவில் என்னை வழியனுப்ப வந்தாள். பெட்டியை என்னிடம் கொடுக்காமல் பிளாட்பாரம் வரை அவளே தூக்கி வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். “சலோ, விடுங்கக்கா. நீங்களா அனுப்புனிய?” என்றாள். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

இப்போது போகிறவர்களுக்கு. திரும்பும் நாளில் ஆயுத அறை எப்போது திறக்கும் என்று முந்தின நாளே கேளுங்கள், ரயிலுக்கு நாலு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள், மும்பை நெரிசலை நம்பாதீர்கள். உள்ளூர் ரயிலில் பெட்டியோடு ஏறவே ஏறாதீர்கள். ஆயுதம், தோட்டா பற்றி எந்த அஞ்சல் வந்தாலும் அதிலிருக்கும் எண்ணை அழைக்காமல், உங்கள் கிளப்பையோ லைசென்ஸ் அலுவலகத்தையோ நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் கேட்கும் வரி போலி என்றால் பாதுகாப்பு என்று சொல்லும் வரியும் போலிதான், இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். கேட்கும்வரை அந்தத் தோட்டாவைச் சுட வேண்டாம், யாரிடமும் கொடுக்கவும் வேண்டாம், பூட்டி வையுங்கள். போலி என்று தெரிந்தால் அழிக்கும் முன் குழுவில் போடுங்கள். மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள்.

போன வாரம் அதே ஆசாமி அதே அஞ்சலை, வருடத்தை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தான். இந்த முறை உடனே படம் எடுத்து, மேலே ‘ஸ்டாப்! இது போலி, யாரும் தோட்டாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்’ என்று எழுதிக் குழுவில் போட்டேன். விசு சார் கைகூப்பினார். வேறு ஆறு பேர் நன்றி சொன்னார்கள், அதில் ஒருவர் கடைக்குக் கிளம்பியே விட்டாராம். இசக்கியின் பதில் மாலையில் தனியாக எனக்கு வந்தது.

“பாத்தேன்க்கா. நல்ல வேளை போட்டிய. எங்கிட்ட இப்பம் ரைஃபிளே இல்லியே, போன மாசம் வித்துட்டேன்.”