மிருகசீரிஷத்துக்குக் கால் திருகு

சென்ற வாரம் கூரியரில் ஒரு சிறு பெட்டி வந்தது. உள்ளே சீட்டுக்கட்டு அளவில் ஒரு மின்பலகை, கடுகளவு விளக்கு ஒன்று, மெமரி கார்டு செருக ஒரு கீறல். இதை என் பழைய கணினியின் பின்புறம் பொருத்தினால், தனக்கு ஒரு டிஸ்க் டிரைவ் இணைந்திருக்கிறது என்று கணினி நம்பிவிடும். உண்மையில் டிரைவ் கிடையாது. டிரைவ் வேடம் கட்டிய அட்டை.

ஐம்பதைத் தாண்டியவன் செய்ய வேண்டிய காரியங்கள் என்று எங்கள் வீட்டில் ஒரு எழுதாத சட்டம் உண்டு. சர்க்கரை பார்ப்பது, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது. கிழட்டுக் கணினிக்கு உறுப்பு மாற்றுவது அதில் வராது. ஆகவே மனைவி சந்தைக்குப் போன நேரமாகப் பார்த்துச் செய்தேன். கட்டளையைத் தட்டிவிட்டு விரலை எடுப்பதற்குள் திரையில் ஏதோ விளையாட்டு வந்து நின்றது. ஒரு சத்தம் இல்லை. திரும்பி வந்தவள் பையை இறக்கிவிட்டு, "ஓடுதா, செத்துருச்சா?" என்றாள். நியாயமான கேள்வி. எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது.

சத்தம் இல்லாவிட்டாலும் வாசனை இருந்தது. இந்தக் கணினியைப் பார்க்காதவர்களுக்கு: விசைப்பலகைதான் கணினி. தனிப்பெட்டி எதுவும் கிடையாது. வீட்டுத் தொலைக்காட்சியில் ஒயரைச் செருக வேண்டும். வரும்போது தந்த நிறம், இப்போது பப்பாளி நிறம். கொஞ்ச நேரம் ஓடினால் சாவிகளின் இடுக்கிலிருந்து வெந்த தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்து ஒரு நெடி கிளம்பும். மோந்ததும் நான் மதுரைக் கோரிப்பாளையத்தில், ஒரு மாடிப்படியின் உச்சியில், செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த மாடியில்தான் கோவர்த்தனன் அண்ணனின் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' கடை இருந்தது. மாட்டுத்தாவணிக்குப் பேருந்து நிலையம் போகாத காலம். கோவர்த்தனன் சௌராஷ்டிரர். நெசவும் வேண்டாம், ஜவுளியும் வேண்டாம் என்று வீட்டில் முறைத்துக்கொண்டு வந்தவர். சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா ஒருவர் கொண்டுவந்த இந்தக் கணினியும், ஜோடிக்கு ஒரு டிஸ்க் டிரைவும், ஒரு பிரிண்டரும்தான் மூலதனம். நான் பட்டம் வாங்கிவிட்டு வேலை இல்லாமல் இருந்தவன். தட்டச்சு தெரியும் என்பதால் ஆபரேட்டர் ஆனேன். கடையில் ஒரே ஒரு மேசை விசிறி. அது கணினிக்கு. கணினியைத் தடவிவிட்டு வரும் அனல் எனக்கு.

தூரத்திலிருந்தெல்லாம் வருவார்கள். எழுமலையிலிருந்து வந்த ஒரு விவசாயி, புதிதாகப் போட்ட போர்வெல்லுக்கு ஜாதகம் கேட்டார். "இல்லங்கய்யா, ஆளுகளுக்குத்தான்" என்றேன். "எங்க வீட்ல ஆளுகளவிட அதுக்குத்தாம்ப்பா அம்புட்டுச் செலவு" என்றார். தண்ணீர் பீறிட்ட நேரத்தைப் பிறந்த நேரமாக வைத்து, ஆண் என்று அடித்துக் கொடுத்தேன். அந்தக் கிணற்றுக்கு நீர் ராசி என்றும் இருபத்தாறாம் வயதில் திருமணம் என்றும் வந்தது. திருப்தியாக வாங்கிக்கொண்டு போனார்.

எங்கள் டிரைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கல் மாதிரி கனக்கும். படிக்க முடியாத டிஸ்க்கைக் கண்டால் உள்ளே ஒரு தலை போய் 'டொக் டொக் டொக்' என்று சுவரில் முட்டிக்கொள்ளும். முட்டி முட்டி, அந்தத் தலை இருக்க வேண்டிய இடத்திலிருந்து மயிரிழை விலகிவிட்டது. அதனால் எங்களுக்குக் குறை எதுவுமில்லை. விலகிய தலையால் எழுதியதை விலகிய தலையே படித்தது. கோணல் கால் கட்டில் கோணல் தரையில் ஆடாமல் நிற்குமே, அந்த மாதிரி ஒரு குடித்தனம்.

ஜாதக நிரலின் அசல் டிஸ்க் முன்பே சிவலோகம் போயிருந்தது. ஆயுத பூஜை அன்று கோவர்த்தனன் பக்தியோடு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். அந்தக் காலத்துப் பிளாப்பி கறுப்பு அட்டை, அதில் நீளவாக்கில் ஒரு திறப்பு, திறப்பில் பளபளவென்று உள்தகடு தெரியும். "நெத்தி மாதிரி அந்த ஒரு எடந்தான்டா இருந்துச்சு" என்றார் பிற்பாடு. சந்தனம், அதன் மேல் குங்குமம். நல்லவேளை, அதற்கு முன்பே எங்கள் டிரைவில் நான் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தேன். அந்த நகலில்தான் கடை ஓடியது.

இந்த நிலையில் கோவர்த்தனனுக்குக் காதல் வந்தது. கீழே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்துகொண்டிருந்த சுகந்தி. அதே சமூகம், தூரத்து உறவும்கூட. அவள் அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவருக்கு ஜாதகத்தில் நம்பிக்கை உண்டு, ஜோசியர்களிடம் கிடையாது. அவர்கள் விரல்விட்டு எண்ணும்போது தப்புவிடுகிறார்கள் என்பது அவருடைய மனக்குறை.

சிக்கல் சுகந்தி பிறந்த நேரத்தில் இருந்தது. ரோகிணி முடிந்து மிருகசீரிஷம் பிறக்கிற சந்தி. தெரு ஜோசியர் ரோகிணி என்றார். எங்கள் கணினி மிருகசீரிஷம் என்றது. அந்த நிரலை எழுதிய புண்ணியவான் யார், எந்தப் பஞ்சாங்கத்தை வைத்து எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. கோவர்த்தனனுக்குத் திருவோணம். பெண் மிருகசீரிஷம் என்றால் நல்ல பொருத்தம். ரோகிணி என்றால் இரண்டு பேருக்கும் ஒரே ரஜ்ஜு. ரஜ்ஜு என்பது தாலிக்கயிற்றுக்கான பொருத்தம். அது தட்டினால் மற்றதெல்லாம் பொருந்தியும் பேச்சு அத்தோடு நின்றுவிடும். வாத்தியார் சொல்லி அனுப்பினார்: வெள்ளிக்கிழமை வருகிறேன், என் கண் முன்னால் போட்டுக் காட்டட்டும்.

அங்கேதான் கோவர்த்தனனுக்கு ஆசை புத்தியை மறைத்தது. எங்கள் பழைய நிரல் எல்லாவற்றையும் ஆங்கிலக் கொட்டை எழுத்தில் அடிக்கும். மாமனார் வரும்போது தமிழில், கட்டம் போட்டு, அழகாக வரவேண்டும் என்று சென்னையிலிருந்து புது நிரல் ஒன்றைத் தருவித்தார். வந்த டிஸ்க்கைப் போட்டால் டொக் டொக் டொக்.

கீழே ரேடியோ, டிவி பழுது பார்க்கும் சிக்கந்தர் பாயைக் கூப்பிட்டோம். பாய் டிரைவைத் திறந்து மோட்டாரைப் பிடித்திருந்த திருகுகளைத் தளர்த்தி, எதையோ இழுத்து, எதையோ இறுக்கி, புது டிஸ்க்கை ஓட வைத்துவிட்டார். "ரொம்ப நாளா கோணலா கெடந்திருக்கு தம்பி. இப்ப ஜப்பான்ல செஞ்ச மாதிரி இருக்கு" என்றார். எழுத்துகளும் ஜோராக வந்தன. அவரை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.

வெள்ளிக்கிழமை காலை, வாத்தியார் வருவதற்கு முன் ஒத்திகை பார்த்தோம். புது நிரல் மிக அழகான தமிழில், கட்டத்துக்குள், சொன்னது: ரோகிணி.

கோவர்த்தனன் பழைய டிஸ்க்கை எடுத்து அவரே போட்டார். டொக் டொக் டொக். கட்டிலை நிமிர்த்தியாயிற்று, தரை கோணலாகவே இருந்தது. உலகத்தில் உள்ள டிஸ்க்குகளையெல்லாம் இப்போது எங்கள் டிரைவ் படிக்கும், எங்களுடையதைத் தவிர.

வாத்தியார் ராகு காலம் தொடங்கும் முன்பே குடையோடு படியேறி வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, "ம், போடுங்க" என்றார். நான் கீழே ஓடினேன்.

"தப்பாக்கணுமா?" என்றார் பாய். கையிலிருந்த சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டார். "யா அல்லா! சரியா இருக்குறத தப்பாக்குறதுக்கா என்னயக் கூப்புடுற? நாளைக்கு எவனாவது பாத்தா சிக்கந்தருக்குத் தொழில் தெரியலன்னு சொல்ல மாட்டான்?"

"பாய், கல்யாணம் நின்னு போயிரும்."

"மொதல்லயே சொல்றதுக்கென்ன? போ, வாரேன்."

டிரைவைத் திறந்து வைத்துக்கொண்டு, பாய் திருப்புளியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். ஒவ்வொரு தடவையும் நான் கட்டளையைத் தட்டுவேன். டொக் டொக். "எம்புட்டுக் கோணலா இருந்துச்சுன்னு யாருய்யா ஞாபகம் வச்சிருக்கா" என்று முனகுவார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ராகு காலம் வந்து, உட்கார்ந்து, எழுந்து போயும் விட்டது. வாத்தியார் அசையாமல் திருப்புளியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாகக் கால் திருகு. டிரைவ் ஒரு செருமல் செருமியது, பிறகு கரகரவென்று படிக்கத் தொடங்கியது. பிரிண்டர் கிறீச்சிட்டு, ஆங்கிலக் கொட்டை எழுத்தில் மிருகசீரிஷத்தைத் துப்பியது. பத்துப் பொருத்தத்துக்கு ஏழு.

வாத்தியார் தாளைப் படித்தார். டிரைவைப் பார்த்தார். பாயைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் திருகுனா பத்துக்குப் பத்து வருமா?"

"வரும் சார்" என்றார் பாய், வெற்றிக் களிப்பில். "பொறுமையாத் திருகணும்."

நான் நடுவில் விழுந்தேன். "சார், அது வாசிக்கிறதுக்குத்தான். கணக்கு வேற, வாசிக்கிறது வேற. இப்ப கண்ணாடியத் தொடச்சாப் பேப்பர்ல இருக்கிற நியூஸ் மாறுமா?" படித்தவன் விளக்கினால் வருகிற நன்மையெல்லாம் வந்தது. வாத்தியாரின் புருவம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

"தொடைக்கிறதுக்கு முன்னால என்ன நியூஸ் இருந்துச்சு?" என்றார்.

ஒன்றும் இல்லை, ஓடவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் நாக்கில் அது தயாராகவும் இருந்தது. கோவர்த்தனன் முந்திக்கொண்டார். "புது புரோகிராம்ல ரோகிணின்னு வந்துச்சு. ரஜ்ஜு தட்டுது."

"போட்டுக் காட்டுங்க."

"அப்ப மறுபடி சரியாக்கணுமா?" என்று பாய் எழுந்துவிட்டார். "இந்தா பாருங்க, எது சரி எது தப்புன்னு நீங்க மூணு பேரும் பேசி முடிவு பண்ணி வைங்க. ஜும்மாவுக்கு நேரமாச்சு. தொழுதுட்டு வாரேன், அப்பொறம் எப்புடி வேணும்னாலும் திருப்பித் தாரேன்." திருப்புளியை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

டிரைவ் வயிறு திறந்து கிடந்தது. செய்வதற்கு எதுவுமில்லை. தர்காப் பக்கம் தொழுகைக்குப் போகிறவர்களின் சைக்கிள் மணிகள் கேட்டன. சற்று நேரம் கழித்து வாத்தியார் கோவர்த்தனனிடம் அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். இவர் பதில் சொன்னார். அவர் மறுபடி கேட்டார். எனக்குச் சௌராஷ்டிரத்தில் அரைச் சொல் தெரியாது. சுருதி மட்டும் தெரிந்தது: முதலில் வகுப்பறை, பிறகு கடைவீதி, போகப்போக ஏதோ பந்தி மாதிரி. ஒரு இடத்தில் வாத்தியார் சிரித்தார். நான் பிரிண்டர் ரிப்பனைத் துடைப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். பாவம், கை முழுக்க மை.

பாய் தலையில் தொப்பியோடு திரும்பி வந்தபோது வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டு நின்றார். "வேணாம் பாய். அப்புடியே மூடிருங்க." ஆங்கில எழுத்துத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

"என்னண்ணே கேட்டாரு?" என்றேன்.

"வாடக எம்புட்டுன்னாரு. கண்ணாடி பவர் எம்புட்டுன்னாரு. அம்மாவுக்கு முடியாதப்ப வீட்ல யாரு சமைக்கிறான்னாரு. நாந்தான்னேன், நம்பல. புளியோதரைக்கு என்னென்ன போடணும்னு கேட்டாரு."

"ரோகிணியப் பத்தி?"

"ஏன் சொன்னேன்னு கேட்டாரு. கணக்கு வாத்தியார்ட்ட விடைய மறைச்சு என்ன பண்ணன்னேன்."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. டிரைவை மறுபடி யாரும் திறக்கவில்லை. புது நிரலைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்குத் தள்ளிவிட்டோம். சில வருடங்களில் தெருவுக்கு நாலு கம்ப்யூட்டர் வந்தது, ஜாதகத்துக்கென்று படியேறி வருபவர்கள் குறைந்தார்கள். கடையைக் காலி செய்தபோது விசைப்பலகை என் பங்குக்கு வந்தது. டிரைவின் பெல்ட் அறுந்து, இரும்புக்கடைக்குப் போயிற்று. பழைய டிஸ்க்கில் பூசணம் பூத்தது. சாலையை அகலமாக்கியதில் பாய் கடையின் முன்பாதி போனது. பின்பாதி தானாகப் போனது. பாயும் இல்லை, வாத்தியாரும் இல்லை. அந்த நிரலை இணையத்தில் நானும் தேடிப் பார்த்துவிட்டேன். வேறு யாரும் அதை வைத்திருந்ததாகவே தெரியவில்லை.

சுகந்திக்கு இப்போது ஒரு பழக்கம். கைப்பேசியில் ஜாதகச் செயலி எது புதிதாக வந்தாலும் இறக்கி, இரண்டு பேருடைய பிறந்த நேரத்தையும் போட்டுப் பார்ப்பாள். எல்லாவற்றிலும் ரோகிணிதான். அவர்கள் பொருந்துவார்கள் என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஒரு கணக்கு இருந்தது, அது இப்போது எங்கும் இல்லை. போன மாதம் நான் போயிருந்தபோதும் கூடத்திலிருந்து உரக்க வாசித்தாள்: "ஏங்க, இதுலயும் நமக்கு ஆகாதாம்!"

அடுக்களையில் தாளித்துக்கொண்டிருந்த கோவர்த்தனன், "பெருங்காயத்த எங்க வச்ச?" என்றார்.