அண்ணாவின் கைக்கு அளந்த துவக்கு

எங்கள் வீட்டில் கரடிக்குப் பயந்தது நான் ஒருத்திதான். காட்டுக்குப் போகவேண்டிய என் கணவர் பயப்படவில்லை. கடலோர வெள்ளவத்தையில் இரண்டாம் மாடியில் இருந்துகொண்டு நான் அவருக்கும் சேர்த்துப் பயந்தேன்.

இவர் நில அளவையாளர். சுதந்திரம் கிடைத்த கையோடு வன்னியில் புதுக் குடியேற்றங்களுக்குக் காடு அளக்கத் தொடங்கியிருந்தார்கள். இவருக்கும் மாற்றம் வந்தது. இவரோடு வேலை செய்த ஒருவரின் மனைவி, அங்கே கரடியிடம் அகப்பட்ட ஒரு கூலியாளின் முகத்தைப் பற்றி என்னிடம் சொன்னாள். மூக்கு இருந்த இடத்தில் மூக்கு இல்லையாம். யானை மிதித்தால் ஒரேயடியாகக் கதை முடிந்துவிடும். கரடி அப்படியில்லை, எழுந்து நின்று முகத்தைத்தான் பிய்க்கும். அதைக் கேட்ட நாளிலிருந்து நித்திரை போய்விட்டது. சுட ஒரு துவக்கு இல்லாமல் காட்டுக்குப் போக விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

துவக்கு என்றால் எங்களுக்கு என் அண்ணாதான். கந்தோரில் கிளாக்கர் வேலை, விடுமுறை நாட்களில் நண்பர்களின் துவக்குகளோடு வேட்டை. எங்களோடுதான் இருந்தார். அவருக்குச் சமைத்தது, சட்டை தோய்த்து மினுக்கியது எல்லாம் நான். அண்ணா சொன்னால் எனக்கு வேதவாக்கு. அப்படி ஒரு முட்டாளாக இருந்திருக்கிறேன்.

மூன்று பேரும் பஸ்ஸில் கோட்டைக் கடைத்தெருவுக்குப் போனோம். துவக்குக் கடைக்காரர் வயதான பறங்கி மனிதர். வந்த இரண்டு ஆம்பிளைகளையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்து, எதற்குத் துவக்கு என்று இங்கிலீசில் கேட்டார். கரடிக்கு என்றேன். உள்ளே போய்க் குழல் கட்டையான ஓர் இரட்டைக்குழல் துவக்கை எடுத்துவந்தார். பார்க்க உலக்கை மாதிரிக் கனமாக இருந்தது.

"கரடி தூரத்திலிருந்து வராது, அம்மா," என்றார். "பற்றைக்குள்ளிருந்து எழும்பி முகத்துக்கு நேரே நிற்கும். குறி பார்க்க நேரமிருக்காது. இதில் பெரிய குண்டுத் தோட்டா இரண்டு போட்டு எப்போதும் கைக்கெட்டிய தூரத்தில் வைத்திருக்க வேண்டும். மூன்றாவது வெடிக்கு அவகாசம் கிடைக்காது."

அண்ணா அதைத் தொட்டும் பார்க்கவில்லை. சுவரில் நீளமாக, மெல்லிசாகத் தொங்கிய ரைபிளைக் காட்டினார்.

"இது நூறு யார் தூரத்திலயும் குறி தப்பாது."

"நூறு யாருக்கு அப்பால் நிற்கிற கரடியை ஏன் சுடவேண்டும்? அது தன் பாட்டில் போய்விடுமே," என்றார் கிழவர்.

"மச்சானுக்கு அந்தக் கட்டைத் துவக்கு சரிவராது. ஒருக்கா உதைச்சால் தோள் கழண்டுபோடும்," என்று அண்ணா சொல்ல, நான் சிரித்தேன். இவரும் சிரித்தார். ரைபிளின் அடிக்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று அளந்து பார்ப்பார்கள். அண்ணாவின் நீளக் கைக்கு அது செய்து வைத்ததுபோல இருந்தது. இவருக்கு விரல் சற்று எட்டாமல் நின்றது. "பழகினால் வரும்," என்றார் அண்ணா. கிழவர் கடைசியாக என்னைப் பார்த்து, "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். அண்ணாவுக்குத் தெரியும் என்று சொன்னேன். லைசென்ஸ் இவர் பெயரில், கரடிப் பயம் என்ற காரணத்தோடு கிடைத்தது. துவக்கு வாங்கிய அன்று மூன்று பேரும் ஐஸ்கிறீம் சாப்பிட்டுவிட்டு வீடு வந்தோம்.

இவர் காட்டுக்குப் போனார். லீவு கிடைத்தால் அண்ணாவும் றெயில் ஏறிவிடுவார். மச்சானுக்குத் துணையாம். திரும்பும்போது மான் வத்தல் கொண்டுவருவார். நான் அதைப் பொரித்து அக்கம்பக்கத்துக்கும் கொடுத்து, இப்படியொரு அண்ணன் யாருக்குக் கிடைக்கும் என்று பீற்றிக்கொண்டேன்.

பாலைப்பழக் காலம் வந்தது. கரடிகள் பழம் தின்ன மரங்களைத் தேடி வரும் காலம் அது. ஒருநாள் பின்னேரம் அண்ணா வாசலில் நின்றார். சட்டையெல்லாம் இரத்தம். இவரைக் கரடி அடித்துவிட்டது, உயிருக்கு ஆபத்தில்லை, கந்தோர் ஜீப்பில் கொண்டுவந்து பெரியாஸ்பத்திரியில் விட்டிருக்கிறது என்றார். செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என் கையில் ஒரு பையைத் தந்தார்.

"போக முதல் இதுக்கு உப்புப் போட்டு வை. பழுதாப் போயிடும்."

பழக்கதோஷத்தில் வாங்கித் திறந்தேன். உள்ளே மான் தொடை.

"இது எப்ப சுட்டது?"

"காலமை."

"இவரைக் கரடி பிடிச்சது?"

"அதுவும் காலமைதான்."

"அண்ணா, மானை எதால சுட்டனீங்கள்?"

அந்த முகாமில் இருந்தது ஒரேயொரு துவக்கு, இவருடையது. பையை அப்படியே குப்பை வாளிக்குள் போட்டுவிட்டு ஓடினேன்.

இவருடைய இடது கண் போய்விட்டது. அந்தப் பக்கக் கன்னமும் பாதி போனது. கூடவிருந்த ஆட்கள் கோடரியோடு கத்திக்கொண்டு ஓடிவந்ததால்தான் உயிர் மிஞ்சியது. பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் இவர், துவக்கு தன் கையில்தான் இருந்ததாகவும் பயத்தில் சுட மறந்துவிட்டதாகவும் சொன்னார். இவரைப் பயந்தாங்கொள்ளி என்று எனக்குப் பின்னால் சொன்னவர்களும் உண்டு. அண்ணா கட்டிலடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கிழவர் காட்டிய உலக்கையை வாங்கியிருந்தால் அது மான் வேட்டைக்கு உதவாது. அண்ணா அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கமாட்டார். இவர் பக்கத்திலேயே கிடந்திருக்கும்.

கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்தபிறகு கேட்டேன். "ஏன் அவரைக் காப்பாத்திறியள்? உங்களை ஏமாத்தினவர் எல்லோ?"



"ஏமாத்தேல்லை. கிளாக்கருக்கு ஆர் லைசென்ஸ் குடுப்பினம்? என்ர பேரில எடுப்பம், எந்தத் துவக்கு எண்டதெல்லாம், கடைக்குப் போக முதலே நாங்கள் ரெண்டுபேரும் கதைச்சு முடிவெடுத்தது. வேட்டைக்கு எனக்கும் ஆசை இருந்தது."

கிழவர் என்னைக் கேட்டதும், நான் பெருமையாகப் பதில் சொன்னதும், இவர்கள் இருவரும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தன. அண்ணா செய்ததைத் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

"அப்ப என்னை ஏன் கூட்டிக்கொண்டு போனீங்கள்?"

"நீர் பயப்படாமல் இருக்கவேணுமெண்டுதான்," என்றார்.

உண்மைதான். துவக்கு வாங்கிய நாளிலிருந்து நான் ஒருநாளும் பயப்படவில்லை. கடல் இரைச்சலைக் கேட்டபடி நிம்மதியாக நித்திரை கொண்டேன். அந்த நித்திரைக்காகத்தான் இரண்டு பேரையும் இன்னும் மன்னிக்க முடியவில்லை.