இரண்டு பாட்டு நம்பர்

சனிக்கிழமை மத்தியானம் கோயிலைக் கழுவி முடித்து, ஈரக்காலோடு பாட்டுப் பலகையின் முன்னால் நின்றிருந்தாள் தனக்கோடி. மறுநாள் ஆராதனையில் பாடப்போகிற பாட்டுகளின் எண்களை அந்தப் பலகையில் செருகிவைப்பது அவள் வேலை. முடிச்சூர்க் கிறிஸ்தவ சபையில் வேலைக்குச் சேர்ந்த பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் அவள் எண்ணை மாற்றிப் போட்டதில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள். தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். எண் என்றால் மட்டும் தடுமாற்றம் கிடையாது.

பாடகர் குழுவை நடத்துகிற டெபோரா வாரா வாரம் அந்த எண்களைப் போனில் அனுப்புவாள். அன்றைக்கும் டெபோராவின் பெயரில் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "அக்கா, உங்கள் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதை எனக்கு அனுப்புங்கள்."

வந்துதான் இருந்தது. இங்கிலீஷில் ஏதோ இரண்டு வரி, நடுவில் 218-346. நடுவில் ஒரு கோடு, இந்தப் பக்கம் மூன்று எண், அந்தப் பக்கம் மூன்று எண். இரண்டு பாட்டு நம்பர்தான், வேறென்னவாக இருக்கும்? சரி பார்க்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, அப்படியே தட்டி அனுப்பினாள். பலகையிலும் போட்டாள். கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப் மறைந்து, போன் இங்கிலீஷில் என்னவோ கேட்டது. வியாழக்கிழமையே ரீசார்ஜ் தீர்ந்து, அவள் போனிலிருந்து யாருக்கும் பேச முடியாது. கோயில் வைஃபையில்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் போச்சு போல என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

நாலு மணிக்குக் கீபோர்டு வாசிக்கிற ஜோனத்தான் வந்தார். பலகையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னாக்கா இது? ஒண்ணு அடக்கப் பாட்டு, ஒண்ணு கல்யாணப் பாட்டு. நாளைக்கு யாரைப் பொதைச்சுட்டு யாருக்குக் கட்டி வெக்கப் போறோம்?"

"டெபோராதான் அனுப்புனா."

"டெபோராவோட வாட்ஸ்அப்பை நேத்தே எவனோ புடிச்சுட்டான். அது அவ அனுப்புனது இல்ல." அவர் தன் போனை எடுத்தார். முகம் மாறியது. "அக்கா, இப்போ உங்களுதையும் புடிச்சுட்டான். அது பாட்டு நம்பர் இல்ல, உங்க வாட்ஸ்அப்போட சாவி. யாருக்கும் குடுக்காதேன்னு அதுலயே போட்டிருப்பானே."

"எங்க போட்டிருக்கான்?"

"இதோ. இங்கிலீஷ்ல."

தனக்கோடிக்கு வாயில் வரக்கூடாத வார்த்தை வந்தது. பலிபீடத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டாள். "படிக்கத் தெரியாதவளுக்குப் படிக்கத் தெரியாத பாஷையில எழுதி அனுப்பிட்டு, சொன்னோமேங்கிறானுங்க."

ஜோனத்தானுக்கு அவள் பெயரில் வந்திருந்ததை அவர் வாசித்தார். "'அன்பான சகோதரரே, என் கணவர் ஆபத்தான நிலையில் மருத்துவமனையில் உள்ளார். பதினைந்தாயிரம் தேவை. என்னால் பேச இயலாது.' நீங்க எப்போக்கா 'இயலாது'ன்னு பேசுனீங்க? பேருல கோடிய வெச்சுக்கினு பதினஞ்சாயிரம் கேக்கிறீங்க."

அவள் சிரிக்கவில்லை. "இது எல்லாருக்கும் போயிருக்குமா?"

"உங்க போன்ல கீற அத்தினி பேருக்கும்."

"டீச்சரம்மாவுக்கும்?"

ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கிற மெட்டில்டா டீச்சர் வீட்டில் தனக்கோடி எட்டு வருஷமாகச் சமைக்கிறாள். டீச்சர் ரிட்டயர் ஆனவர், தனி ஆள். திங்கட்கிழமை அவருக்குக் கண் ஆபரேஷன். அதற்கென்று நாற்பதாயிரத்தைக் கணக்கில் தனியாக வைத்திருந்தார். தனக்கோடி புருஷனுக்கு ஆபத்து என்றால் கண்ணாவது ஒன்றாவது என்று எடுத்து அனுப்பிவிடுவார்.

ஜோனத்தான் சபையின் வாட்ஸ்அப் குழுவில், யாரும் பணம் போடாதீர்கள் என்று பேசி அனுப்பினார். பிறகு டீச்சருக்குப் போன் போட்டார். அவருக்கு இவரைத் தெரியாது. மணி அடித்தது, கட் ஆனது. மறுபடி போட்டார், மறுபடி கட்.

"எடுக்க மாட்டாங்க," என்றாள் தனக்கோடி பல்லைக் கடித்துக்கொண்டு. "தெரியாத நம்பரை எடுக்காதே, எடுக்காதேன்னு எனக்கே தினம் பாடம் எடுக்கிறவங்க. கர்த்தாவே, திருடன் தெரிஞ்ச நம்பர்ல வரான், நாங்க தெரியாத நம்பர்ல வரோமே!"

ஜோனத்தான் "பணம் அனுப்பாதீங்க, அது மோசடி" என்று தட்டி அனுப்பிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் பஸ்ஸும் ஆட்டோவும் முட்டிக்கொண்டு நின்றன. கேம்ப் ரோட்டில் சிக்னல் மூன்று முறை பச்சை விழுந்தும் இவர்களுக்கு வழி கிடைக்கவில்லை. தனக்கோடி பின்னால் உட்கார்ந்து ஜெபம் பண்ணப் பார்த்தாள். ஒரு வரி ஜெபம் வந்தால் இரண்டு வரி திட்டு வந்தது.

கதவைத் திறந்த மெட்டில்டா டீச்சர், மூக்கு நுனியில் கண்ணாடியோடு அவளைப் பார்த்துத் திகைத்தார்.

"தனம்! நீ ஆஸ்பத்திரியில இல்ல? அவர் எப்படி இருக்கார்?"

"அவரு வூட்ல டிவி பாத்துகினு கீறாரு, டீச்சரம்மா. பணம் அனுப்பிட்டீங்களா?"

"பதினஞ்சு அப்பவே அனுப்பிட்டேனே. இன்னும் பத்து வேணும்னு கேட்டியே, அதைத்தான்…"

அவர் கையிலிருந்த போன் டிங்கென்றது. "சகோதரி, தாமதிக்காதீர்கள்." டீச்சர் போனைப் பார்த்தார், எதிரில் நின்றவளைப் பார்த்தார். "நீ இங்க இருந்தா, இது யாரு?"

"திருடன்மா. அந்தப் பத்தை அனுப்பாதீங்க." டீச்சர் போனைக் கீழே வைத்ததும் அவளுக்கு ஆற்றாமை பொங்கியது. "நான் உங்களை என்னிக்காவது சகோதரின்னு கூப்பிட்டிருக்கனா? அதுகூடவா தோணல?"

"கஷ்டத்துல இருக்கிறவ எப்படிக் கூப்பிட்டா என்னன்னு நினைச்சேன்." டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நீயாவது ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

"இவரு போன்லருந்து பண்ணோம். நீங்கதான் எடுக்கல."

"அதுவா? பணம் அனுப்பாதேன்னு ஒரு திருட்டுப் பயல் மெசேஜ்கூடப் போட்டான். பிளாக் பண்ணிட்டேன்."

ஜோனத்தான் இருமினார். "அந்தத் திருட்டுப் பயல் நான்தான் டீச்சர்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பணம் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, சீக்கிரம் சொன்னால் நிறுத்தி வைக்க வழி உண்டு என்று ஜோனத்தான் பண மோசடிப் புகாருக்கான ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். டீச்சர் பெயர், பாங்கு, நேரம் எல்லாம் சொன்னார்.

"பணம் கேட்டது எந்த நம்பர்லருந்தும்மா?" என்றது போனில் குரல்.

டீச்சர் தனக்கோடியை நிமிர்ந்து பார்த்தார். "அது எங்க வீட்டு ஆளோட நம்பர். அவ பேர்ல ஒண்ணும் எழுதாதீங்க," என்றார்.

"நம்பர் இல்லாம புகார் பதிய முடியாதும்மா."

"அப்போ வேண்டாம். பதினஞ்சு போனாப் போகட்டும். ஆபரேஷனை அப்புறம் பாத்துக்கிறேன்."

"இன்னா டீச்சரம்மா பேசுறீங்க!" தனக்கோடி இந்த வீட்டில் இவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை. "நேத்து சாம்பார்ல எனக்குப் பதிலா நீங்க உப்புப் போடுறேன்னு சர்க்கரையப் போட்டீங்களே. அந்தக் கண்ணை வெச்சுகினு இன்னும் எத்தினி மாசம்?"

அவள் போனருகே குனிந்தாள். திருட்டுத்தனமாகப் பணம் கேட்ட எண் என்று தன் எண் எங்கோ ஒரு தாளில் ஏறப்போகிறது. கேட்டவன் பேர் ஏறவில்லை, அவன் முகமும் தெரியவில்லை.

"சார், எழுதிக்கங்க. அந்த நம்பர் என்னுதுதான். நான் கேக்கல, என் பேர்ல கேட்டிருக்கான். அதையும் சேர்த்து எழுதிக்கங்க."

"சொல்லுங்கம்மா."

அவள் ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னாள். பத்தும் சொல்லி முடித்ததும், "ஒரு தபா திருப்பிச் சொல்லுங்க சார், சரியா எழுதிக்கிறீங்களான்னு பாக்கிறேன்," என்றாள்.